பிடித்துத் தைத்த சட்டைகள்

முதலில் கணவனின் சாம்பல் நிறச் சட்டையைப் பிரித்தாள். தோள் மூட்டு இரண்டும், பக்கத் தையல் இரண்டும். தோளில் ஒரு விரல், பக்கத்தில் ஒன்றரை விரல் உள்ளே பிடித்து மறுபடி தைத்தாள். உள்ளே மடங்கிய துணியை வெட்டவில்லை. வெட்டினால் திரும்ப விட முடியாது.

அவன் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் பகலில் தூங்குகிற ஆள் இல்லை.

முந்தின நாள் காலை வேலைக்குக் கிளம்பியவன் கடை வழியாகத்தான் வெளியே போனான். வேறு வழி கிடையாது. முன்னறை கடை, பின்னறை வீடு. வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் முன் நின்றுவிட்டான்.

"இது யாரு சட்டை?"

"உங்களுதுதான்."

"ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை நாற்காலி மேல் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அன்று வேலைக்குப் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு முதுகுதான் பதில் சொன்னது.

துணியைச் சரிசெய்வது அவள் தொழில். புதிதாகத் தைப்பதில்லை. வேறு யாரோ தைத்ததை ஆளுக்குத் தக்கபடி பிடிப்பாள், விடுவாள், மடிப்பாள். பெருத்தவர்கள் வருவார்கள், இளைத்தவர்கள் வருவார்கள். எல்லோரும் துணியைத்தான் குறை சொல்வார்கள். துவைத்ததில் சுருங்கிவிட்டது என்பார்கள். அவள் ஆமாம் என்பாள்.

சட்டையைப் பிடித்துத் தைத்த மறுநாள் அவன் அதையே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். தோள் தோளில் உட்கார்ந்திருந்தது. இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான்.

"பாத்தியா டெய்லரம்மா. மாத்திரை பிடிக்குது."

"ம்," என்றாள். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வைத்திருந்தாள். ஊசி வாயில் இருக்கும்போது பேசக் கூடாது. தொழிலில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அந்த வாரமே மற்ற சட்டைகளையும் பிரித்தாள்.

*

நோயின் பெயர் மைலோஃபைப்ரோசிஸ். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. பெயரைத் தடுக்காமல் சொல்லவே இருவருக்கும் நாளானது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் தன் வாழ்நாளில் இதைப் பார்த்ததில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு, பெருநகரத்தில் இருக்கும் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்.

பெரிய டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் மஜ்ஜை. அது நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது. அங்கே ஊற முடியாத ரத்தத்தை மண்ணீரல் ஊற வைக்கப் பார்க்கிறது. அதற்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் வீங்குகிறது. வீங்கி இரைப்பையை நெருக்குகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். கையும் தோளும் இளைக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும்.

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது," என்றார் டாக்டர்.

"லாட்டரி ஒரு தடவைகூட விழல," என்றான் அவன் அவளிடம். "இது பாரு, தேடி வந்து விழுந்திருக்கு."

வேரோடு போக்க ஒரே வழிதான் உண்டு என்றார் டாக்டர். இன்னொருவரின் மஜ்ஜையை வைப்பது. அவனுடைய தம்பியின் மஜ்ஜை பொருந்தியது. ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகலாம். மாத்திரை தாங்குகிறவரை தாங்கட்டும். தாங்கவில்லை என்று தெரிந்த உடனே, உடம்பில் வலு இருக்கும்போதே, செய்துவிட வேண்டும்.

"காலம் தப்பிடக் கூடாது. அது ஒண்ணுதான். நீங்க ரொம்ப தூரத்துல இருக்கீங்க. ரத்த டெஸ்ட் அங்கேயே எடுத்து அனுப்புங்க. போன்ல கேள்வி கேப்பேன், உள்ளதைச் சொல்லணும்."

அவன் தலையாட்டினான். அவளும் ஆட்டினாள்.

தம்பி ஒரு பையில் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "எப்பக் கூப்பிட்டாலும் கிளம்பிடுவேன் அண்ணி," என்பான் போனில்.

*

போன் ஒரு மதிய வேளையில் வந்தது. அவள் கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தாள். போனை வெட்டு மேசை மேல் வைத்து டாக்டர் குரலை இருவரும் கேட்கும்படி செய்தான். அவள் ஒரு பள்ளிச் சீருடையின் விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"எடை எப்படி?"

"அதே எடைதான் டாக்டர்."

அது உண்மைதான். கரைந்த சதைக்கு மண்ணீரல் ஈடு கட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவர்களுக்கு அது தெரியாது.

"துணியெல்லாம்? சட்டை தொளதொளன்னு ஆகுதா? பேண்ட் இடுப்புல பிடிக்குதா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் விளிம்பைப் பார்த்தாள். உதடுகளுக்கு நடுவே ஊசிகள் இருந்தன. அதற்குள் அவள் எல்லா பேண்ட்டுகளின் பின் தையலையும் பிரித்து இடுப்பை அகலமாக விட்டிருந்தாள். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நகத்தால் தேய்த்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து அவற்றை மூடியிருந்தாள்.

"இல்ல டாக்டர். தச்ச மாதிரியே இருக்கு."

"நல்லது. அப்ப மாத்திரை தாங்குது. இதே டோஸ் போகட்டும். மத்ததை அடுத்த தடவை பேசுவோம்."

அவன் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். ஒன்று வளைந்திருந்தது. பல்லால் கடித்திருக்கிறாள்.

அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவையும் அப்படித்தான் நினைத்தாள்.

*

அவன் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தான். முன்பு கயிறும் சங்கிலியும் தொங்கும் கூண்டுக்குள் ஏறி இறங்கிய ஆள். ஏற முடியாமல் போனதும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, விளக்குகள் எரியும் பலகை, போன். நகரத்தில் எங்கே லிஃப்ட் நின்றாலும் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் அவன் குரல் கேட்கும்.

"கதவைத் தள்ளாதீங்க. காத்து வரும், பயப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. நான் லைன்லயே இருக்கேன்."

ஆள் எப்போது வருவார் என்று மட்டும் சொல்ல மாட்டான். ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"சொன்ன நேரத்துக்கு வரலன்னா கதவை உடைக்கப் பாப்பாங்க," என்றான்.

அவனிடம் அப்படிப் பேச யாருமில்லை. கூட வேலை செய்தவர்கள், "நல்லாத்தானே இருக்கே," என்றார்கள். சட்டை பொருந்தியிருந்ததால் அப்படித்தான் தெரிந்தது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பதையும், தூக்கத்தில் வியர்த்துப் படுக்கை நனைவதையும் சொன்னால், "எனக்கும்தாம்பா, வெயில் காலம்," என்றார்கள்.

ரத்தம் எடுக்கும் நர்ஸ்தான் ஒரு சங்கத்தைப் பற்றிச் சொன்னாள்.

"இந்த நோய், இதோட பங்காளி நோய்னு சில பேர் எங்கிட்ட வர்றாங்க. ஞாயித்துக்கிழமை டிரைவிங் ஸ்கூல்ல கூடுவாங்க. போய்ப் பாருங்களேன்."

"என்ன பண்ணுவாங்க?"

"உக்காந்து பேசுவாங்க."

"பேசினா மண்ணீரல் சுருங்குமா?"

"சுருங்காது. பேசிட்டு வர்றவங்களுக்கு நரம்பு ஒளிய மாட்டேங்குது. எனக்குக் குத்த சுலபமா இருக்கு."

அவன் சிரித்தான். போகலாம் என்றான். அவள், "எதுக்குங்க, அவங்களைப் பாத்து மனசு கெடவா?" என்றாள். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சும்மா வா," என்றான்.

*

டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறை. சுவரெல்லாம் போக்குவரத்துக் குறிகள். ஓர் ஓரத்தில் குறுக்காக அறுத்த இன்ஜின். நாற்காலிகளையும் ஒரு பழைய சோபாவையும் வட்டமாகப் போட்டிருந்தார்கள். பள்ளியை நடத்துகிறவள் ஐம்பது தாண்டிய பெண். எல்லோரும் டீச்சர் என்றார்கள். வெயிலில் நின்றவள் போல முகம் எப்போதும் சிவந்திருந்தது. அவளுக்குப் பங்காளி நோய். ரத்தம் கூடிக்கொண்டே போகும், அவ்வப்போது எடுத்துக் கொட்ட வேண்டும்.

"படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க," என்றார் ஒரு பெரியவர். குச்சிக் கைகள், உப்பிய வயிறு. பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அவனுடைய அதே நோய். "தம்பி, சோபால உக்காருங்க. இடது பக்கம் சாஞ்சா வலிக்கும்ல?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

"நீங்க உக்காரும்போதே பாத்தேன். நமக்குள்ள ஏறினது டிக்கெட் எடுக்காத ஆளுப்பா. ஸ்டாப்பிங் வந்தாலும் எறங்க மாட்டேங்குது. நாலு பேர் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு வருடமாக அவள் கேட்காத சிரிப்பு. பிறகு பேச ஆரம்பித்தான். அரிப்பைச் சொன்னான். வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எலும்பு வலியைச் சொன்னான். செத்துப்போவதைப் பற்றி டாக்டரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்ததைச் சொன்னான். அவளிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. யாரும் பதறவில்லை. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "நானும் கேக்கல," என்றார் ஒருவர். அவ்வளவுதான்.

அவன் வேலையைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்கதான் நம்ம தலைவர்," என்றார் கண்டக்டர். "நாங்க எல்லாம் நடுவுல மாட்டினவங்க."

இங்கே வந்தது நல்லதுதான் என்று அவள் நினைத்தாள். அப்போதுதான் கண்டக்டர் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். வெடிப்பு விட்ட பழைய தோல் பெல்ட்.

"இதான் எங்க ஸ்கேன். இங்க ஒரே ஒரு சட்டம். ஆளுக்கு ஒரு பொருளை மாத்தாம வச்சுக்கணும். பெல்ட்டோ, வளையலோ, பழைய பேண்ட்டோ. எடை மிஷின் நம்மளை ஏமாத்திடும். சதை எறங்கும், மண்ணீரல் ஏறும், முள்ளு அசையாம நிக்கும். என்னை ஏமாத்திச்சு. இது ஏமாத்தாது. போன வருஷம் இந்த ஓட்டை, இப்ப இது." விரலால் தொட்டுக் காட்டினார். "உங்களுக்கு எப்படி தம்பி?"

"எனக்கு எதுவும் மாறலண்ணே. சட்டை பேண்ட் எல்லாம் தச்ச மாதிரியே."

மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கண்டக்டர் கைதட்டினார்.

"குடுத்து வச்ச ஆளுப்பா. பெண்டாட்டி டெய்லரா இருந்தா நோய்கூட அளவெடுத்துத்தான் வரும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நெஞ்சில் இல்லை. கொஞ்சம் தள்ளி, அக்குளை ஒட்டி இருந்தது.

*

இரண்டு நாள் கழித்து டீச்சர் கடைக்கு வந்தாள். கையில் ஒரு மழைக்கோட்டு, உள்துணி கிழிந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தான். மேசை மேல் பழுப்பு நிற பேண்ட் ஒன்று கிடந்தது. விடுவதற்கு மடிப்பில் துணி மிச்சமில்லாமல் போனதால், இடுப்பின் பின்னால் அடர்ந்த பழுப்பில் முக்கோணத் துண்டு ஒன்றை வைத்து இவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருது?"

யாரோ வாடிக்கையாளருடையது என்று சொல்லியிருக்கலாம்.

"அவரோடது."

"சட்டையும்?"

"எல்லாமும்."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள்.

"எங்க கார்ல ரெண்டு பிரேக்," என்றாள் டீச்சர். "கத்துக்கற ஆளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சில பேருக்குப் பாவம் பாத்து நானே லேசா அழுத்திக்கிட்டே வருவேன். அவங்களுக்குத் தெரியாது. நமக்கு நல்லா ஓட்ட வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருப்பாங்க. ஒரு பொண்ணு அப்படித்தான் போய்ச் சுவத்துல விட்டா. கால் போச்சு. நான் பாவம் பாத்ததுதான் காரணம்."

அவள் பேண்ட்டை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டாருக்கா."

"மாட்டார்னே வச்சுக்க. ஆள் இருப்பார்ல?" டீச்சர் எழுந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த போன் வரைக்கும் காத்திருக்காத. நேர்ல கூட்டிட்டுப் போகணும். கார் இருக்கு. நாளைச் சொல்லு போதும்."

மழைக்கோட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். அல்லது மறக்கவில்லை.

*

சாயங்காலம் அவன் வந்ததும், "சட்டையைக் கழட்டுங்க," என்றாள்.

"என்ன திடீர்னு? கடை திறந்திருக்கு."

"கழட்டுங்க."

வாங்கி உட்புறம் வெளியே வரும்படித் திருப்பினாள். பக்கத் தையலைக் காட்டினாள். உள்ளே மடங்கிய துணி பட்டையாகத் தொங்கியது. இரண்டாம் முறை பிடித்த தையலும் பக்கத்திலேயே ஓடியது.

"பிடிச்சிருக்கேன். எல்லாத்தையும். பேண்ட்டை விட்டிருக்கேன். மாத்திரை ஒண்ணும் பிடிக்கல. நான்தான் பிடிச்சேன்."

அவன் பனியனோடு நின்றான். தோள் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"பாக்கெட்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "லிஃப்ட்ல மாட்டினவங்க விலாசம் சொல்லும்போது பேனாவை எடுப்பேன். இத்தனை வருஷமா இங்க இருந்த பேனா. கை இங்க வருது, பேனா அங்க இருக்கு. ரெண்டு விரல் தள்ளி. சட்டை தானா நகருமா?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் நாளே."

அவள் சட்டையைக் கையில் முறுக்கினாள்.

"தெரிஞ்சும் டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ உக்காந்து தச்சிருக்க. நான் எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

அவள் கையிலிருந்த சட்டையால் அவனை அடித்தாள். இன்னொரு தடவையும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

"தோள்ல வேண்டாம்," என்றான். "எலும்பு வலிக்குது."

அவள் நிறுத்தினாள்.

"அது மட்டும் இல்ல," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "காலையில போட்டா சரியா இருந்துச்சு. கண்ணாடில பழைய ஆளு நின்னான். அவனை விட மனசு வரல. டாக்டர் கேட்டப்ப உன்னைப் பாத்தேன். நீ சொல்லுவேன்னு."

"வாயில ஊசி இருந்துச்சு."

"ஆமா," என்றான். "இருந்துச்சு."

கடைக்கு ஒரு பெண் வந்து, தன் மகளின் கவுன் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் போன பிறகு கதவை இறக்கினாள்.

*

டிரைவிங் ஸ்கூல் காரில் போனார்கள். கூரை மேல் பலகையும், இரண்டு பிரேக்குமாக. டீச்சர் ஓட்டினாள். கண்டக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "காலைத் தூக்கி வச்சுக்கங்க. அந்தப் பக்கமும் பிரேக் இருக்கு," என்று டீச்சர் சொல்லியிருந்தாள். ஆனாலும் லாரி எதிரே வரும்போதெல்லாம் அவர் அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. "மன்னிச்சிடு தாயி, விசில் அடிச்சே பழக்கம்," என்றார். அவன் பின்சீட்டில் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பெரிய டாக்டர் அவனைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திக்கொண்டே போனார். விலாவில் ஆரம்பித்த விரல்கள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். கோடு தொப்புளைத் தாண்டி வலது பக்கம் போயிருந்தது.

அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். நின்றபடி, ஒரே மூச்சில். சட்டைகளை, பேண்ட்டுகளை, முக்கோணத் துண்டை.

டாக்டர் கையைக் கழுவினார். துடைத்தார்.

"போன்ல ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"ஆமா டாக்டர்."

"ரத்த எண்ணிக்கை கொஞ்சம் இறங்கிச்சு. மாத்திரையால இருக்கும்னு நெனச்சேன். நானும் உங்களை நேர்ல கூப்பிட்டிருக்கணும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "மஜ்ஜை மாத்தறது இப்ப முடியாது. இந்த உடம்பு தாங்காது. டோஸ் ஏத்தறேன். மண்ணீரல் இறங்கணும், உடம்புல சதை பிடிக்கணும். இறங்கினா பாக்கலாம்."

"எப்ப இறங்கும்?" என்றான் அவன்.

"தெரியாது. இறங்காமலும் போகலாம்."

அவன் தலையாட்டினான். நேரம் சொல்லாத பதில் அவனுக்குப் பழக்கம்தான்.

"முதல் போன்லயே சொல்லியிருந்தா?" என்றாள் அவள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரிஞ்சுக்கணும்."

"செஞ்சிருப்போம்."

வெளியே தாழ்வாரத்தில் அவன் தம்பிக்குப் போன் செய்தான். "பையைப் பிரிச்சு வச்சிடு. இப்ப இல்லையாம்." மறுமுனையில் தம்பி என்னவோ கேட்டான். "அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் டாக்டர்கிட்ட ஒழுங்காச் சொல்லல," என்றான் அவன்.

அவள் பக்கத்திலேயே நின்றாள். அது உண்மை இல்லை என்று சொல்லப் போனை வாங்கினாள். தம்பி அழுதுகொண்டிருந்தான். அவள் சொன்னாள். தம்பி போனை வைத்துவிட்டான்.

காரில் திரும்பினார்கள். கண்டக்டர் காலைத் தூக்கியே வைத்திருந்தார். பாதி வழியில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். டீச்சர் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

*

சட்டைகளைப் பிரிக்க ஒரு பகல் ஆனது. உள்ளே மடங்கிய துணியை வெட்டாமல் வைத்திருந்ததால் எல்லாம் பழைய அளவுக்கே வந்தன. மடிந்திருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் புதுசாக இருந்தது. பட்டை பட்டையாகத் தெரிந்தது. இஸ்திரி போட்டும் போகவில்லை.

அவன் அவற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். ஒருவர், "என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார். அவன் நோயின் பெயரைத் தடுக்காமல் சொன்னான்.

தம்பி கொஞ்ச நாள் அண்ணனிடம் மட்டும் பேசினான். பிறகு ஒரு நாள், "சாப்பிடறாரா அண்ணி?" என்று கேட்டான். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

காலையில் கண்டக்டர் வந்து அவனை நடக்கக் கூட்டிப்போனார். தசை பிடிக்க நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவரும் தெரு முனைவரை போய்த் திரும்புவார்கள். போகும்போது கண்டக்டர் பேசுவார், வரும்போது இருவருக்கும் மூச்சு இருக்காது. "ஒரு சட்டைக்குள்ள ரெண்டு பேர் போலாம் போல இருக்கே தம்பி," என்றார் முதல் நாள். "வாங்கண்ணே, இடம் இருக்கு," என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வட்டத்தில் உட்கார்ந்தாள். தான் செய்ததை அங்கே சொன்னாள். கண்டக்டர் தன் பழைய நகைச்சுவையை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். மூலையில் உட்காரும் ஒரு கணவர், தன் மனைவியின் மோதிரத்தைக் கடையில் கொடுத்துச் சிறிதாக்கிக் கொண்டுவந்ததைச் சொன்னார். "இவளுக்குத் தெரியாது," என்றார். "இப்பத் தெரிஞ்சிடுச்சு," என்றாள் அந்த மனைவி, விரலைப் பார்த்தபடி. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர்கள் இருவரும் தள்ளித் தள்ளி நடந்தார்கள்.

*

அடுத்த போனும் மதிய வேளையில் வந்தது. கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. போனை மேசை மேல் வைத்தான். அவன் கண்ணாடிக்கு முன்னால் சட்டையை நெஞ்சு வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். குண்டூசிகளைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்திருந்தாள்.

"வயிறு சொல்லுங்கம்மா," என்றது டாக்டரின் குரல். "தொப்புள் மேல."

டேப்பைச் சுற்றினாள். போன தடவை எடுத்த அளவு அவளுக்கு மனப்பாடம். கண்ணாடியில் அவன் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டேப்பை இழுத்துப் பிடித்தால் அரை அங்குலம் குறையும். மூச்சை விட்ட நொடியில் எடுத்தால் இன்னும் கால் அங்குலம். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். வாடிக்கையாளர்கள் முகம் வாடாமலிருக்க எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அந்த அரை அங்குலம் போதும். மாத்திரை பிடிக்குது என்று அவன் சொல்வான். சாப்பிட உட்காருவான்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

அவள் பிடியைத் தளர்த்தினாள். டேப் தோலில் உட்கார்ந்தது. அவன் மூச்சை இழுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அளவைப் படித்துச் சொன்னாள்.

போன தடவையைவிட அரை அங்குலம் கூடியிருந்தது.

கண்ணாடியில் அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"இன்னொரு தடவை எடுங்க."

எடுத்தாள்.

"அதேதான் டாக்டர்."

"சரி," என்றார் டாக்டர். எழுதும் சத்தம் கேட்டது. "இப்ப தோள் சொல்லுங்க."

அவன் சட்டையைக் கீழே விட்டான். அது அவன் மேல் தொங்கியது. அவள் பின்னால் போய், துணிக்கு அடியில் எலும்பின் முனை எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலால் தேடினாள்.